படம் மட்டும் போதுமா?

பழைய புத்தகம் சேர்ப்பவர்களிடம் 'ராஃபிள்ஸின் ஜாவா' என்று சொல்லிப் பாருங்கள், கண்கள் மின்னும். சிங்கப்பூருக்கு அடித்தளம் போட்டவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ராஃபிள்ஸ்தான். 1817ல் லண்டனில் இரண்டு பெரிய வால்யூம்களாக 'ஜாவாவின் வரலாறு' வெளியிட்டார்.

மவுசு முழுக்க வில்லியம் டேனியலின் பத்து வண்ணப் படங்களுக்குத்தான். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியவை. அரசவை உடையில் ஒருவர், நடனக்காரி, பத்து வயது பப்புவாச் சிறுவன்... மறுபதிப்பில் பார்த்தே சொக்கிப்போனேன். அந்தச் சிறுவனை ராஃபிள்ஸ் இங்கிலாந்துக்கே கூட்டிப்போனார் என்பது எழுத்தைப் படித்தால்தான் தெரியும். சில வியாபாரிகளோ இம்மாதிரிப் புத்தகங்களில் படத்தை மட்டும் அறுத்து, ஃப்ரேம் போட்டு விற்றுவிடுகிறார்கள்.

எழுத்தும் லேசுப்பட்டதல்ல. மொழி, பயிர், கூத்து, பாரத யுத்தத்தின் ஜாவா வடிவம் என்று மனுஷன் எதையும் விடவில்லை. ஆனால், இவர் ஆட்சியில்தான் 1812 ஜூனில் பிரிட்டிஷ் படை யோக்யகர்த்தா அரண்மனையைச் சூறையாடியது. சுல்தானின் சுவடிகளைப் பங்குபோட்டுக்கொண்டவர்களில் இவரும் ஒருவர். இன்னொருவர், நம்மூர்ச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி!

2019ல் பிரிட்டிஷ் நூலகம் 75 சுவடிகளின் டிஜிட்டல் பிரதிகளை யோக்யகர்த்தாவுக்குக் கொடுத்தது. அசல் லண்டனிலேயே இருக்கிறது.

ஜாவாவைப் பற்றிய புத்தகத்துக்கு இவ்வளவு விலை கொடுக்கிறோம். ஜாவாக்காரன் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்ததற்கு அவன் கையில் கிடைத்தது நகல்! ராஃபிள்ஸை வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. முழுசாக வாங்கி, படித்துவிட்டு அலமாரியில் வையுங்கள்.