கேட்ட கதையும் சொன்ன தந்தையும்

காற்றில் பிறந்து காற்றிலேயே மறையும் வானொலிப் பேச்சுக்குத் திறனாய்வு எதற்கு எனச் சிலர் வினவலாம். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ ஒரு தலைமுறையின் காலைப் பொழுதுகளில் பெற்றிருந்த இடத்தை எண்ணினால், அதனை எடைபோடாது விடுவதே குறையாகும்.

வேளாண்மை பயின்ற அவர், திருநெல்வேலி வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சிகளில் பணியாற்றிப் பின்னர் சென்னை நிலையத்துக்கு வந்தவர். 14 ஆண்டுகள் அந்நிகழ்ச்சியை வழங்கி, 2009இல் மறைந்தார். சில நிமிடங்களே பேச்சு. ஒரு கருத்து, முடிவில் ஒரு நகைச்சுவைக் கதை. நம்மைச் சிரிக்க வைத்தவர் தாம் சிரிப்பதில்லை. அறிவுரை கூறும் உயர்ந்த இருக்கையிலும் அவர் அமர்வதில்லை. மறையுரை ஆற்றும் நாம் அவரிடம் கற்க வேண்டியது இதுவே.

எனினும் அப்பேச்சுகளை நூல் வடிவில் படிக்கும்போது ஒரு குறை புலனாகிறது. குரலும் இடைவெளியும் நீங்கியபின், ஒவ்வொரு கதைக்கும் முடிவு ஆயத்தமாகவே வந்து நிற்கிறது. நாம் எண்ணிப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை.

அண்மையில் திண்டுக்கல்லில் ஒரு முப்பதாம் நாள் திருப்பலிக்குப்பின், இறந்தவரின் மகன் நம்மோடு பேசிக்கொண்டிருந்தார். தந்தை பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. வாய் திறந்து அன்பு காட்டத் தெரியாதவர். காலையில் கேட்ட தென்கச்சியார் கதையை இரவு உணவின்போது மகனுக்குச் சொல்வார். பாதி மறந்திருக்கும். “மிச்சத்தை நீ சொல்லுடா” என்பார். “அப்பா எங்கிட்ட மனசு விட்டுப் பேசினது அவ்வளவுதான் சாமி” என்றார் மகன். அக்கதைகளுள் ஒன்றின் ஒலிப்பதிவை அவர் கைப்பேசியில் தேடிக் கண்டடைந்திருக்கிறார். “முடிவு இருந்துச்சு சாமி. அப்பா இல்ல.”

இதைவிடச் சிறந்த திறனாய்வை நாம் எழுத இயலாது. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், தந்தை வெளியே வந்து வருந்தி அழைத்தபின் மூத்த மகன் வீட்டினுள் சென்றானா என்பது கூறப்படவில்லை. இயேசு அம்முடிவைக் கேட்போரிடமே விட்டுவிட்டார். தென்கச்சியார் முடித்துவைத்த கதைகளை, மறதியுள்ள ஒரு தொழிலாளி தம்மை அறியாமலே தம் மகனுக்காகத் திறந்துவைத்தார்.

எழுத்தறிவு குறைந்த ஒரு தந்தையும் திருப்பிச் சொல்லத்தக்க எளிமையே தென்கச்சியாரின் பெருமை. அவர் குரல் பதிவில் நிலைத்திருக்கிறது. நம் குரலைப் பதிந்துகொள்ள நம் பிள்ளைகளின் நினைவையன்றி வேறு நிலையம் ஏது? இன்றிரவே ஒரு கதையைத் தொடங்குவோம். முடிவு மறந்தாலும் குற்றமில்லை.