ஒற்றைத் தாளில் ஒரு நிலவறை

பாரிசின் பதினோராம் வட்டாரத்தில், பன்னிரண்டு மேசை மட்டுமே போடக்கூடிய சின்ன உணவகம். உட்கார்ந்ததும் கையில் தந்த வைன் பட்டியல் ஒரே ஒரு தாள். முன்னும் பின்னுமாக நாற்பது வரி இருக்கும். அதில் மூன்று வரியைப் பேனாவால் வெட்டியிருந்தார்கள். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா சொன்னார்: "தம்பி, இஞ்ச நல்லாக் குடிக்கலாம்." அதுவரை ஒரு துளிகூட ஊற்றவில்லை. வெட்டிய அந்த மூன்று வரியைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பலரையும்போல, சித்தப்பா பாரிசில் தொடங்கியது கோப்பை கழுவுவதில்தான். பிறகு நிலவறைக்குப் போத்தல் இறக்கும் வேலை. கடைசிப் பத்து வருடம் ஒரு சொமலியேக்கு, அதாவது வைன் பொறுப்பாளருக்கு, உதவியாள். வைன் பட்டியலை வாசிக்க எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். விலையிலிருந்து தொடங்காதே என்பது அவருடைய முதல் பாடம். ஒரு வரியை எடு, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்.

ஒரு வரியில் இருக்கவேண்டியவை கொஞ்சம்தான்: செய்தவர் பெயர், ஊர் அல்லது தோட்டம், அறுவடை ஆண்டு, விலை. இதில் பெரும்பாலும் காணாமல் போவது செய்தவர் பெயர். பூர்கோனில் 'குளோ து வூஜோ' என்றொரு தோட்டம் இருக்கிறது. சிஸ்டர்சியன் துறவிகள் மதில் எழுப்பி வளர்த்தது. சுமார் 50 ஹெக்டேர் நிலம். இன்று அதற்கு ஏறத்தாழ 80 சொந்தக்காரர்கள். மேட்டுப் பக்கம் சுண்ணாம்பு கலந்த, நீர் வடியும் மண். நெடுஞ்சாலையை ஒட்டிய தாழ்ந்த பக்கம் கனத்த களிமண். இரண்டிலும் விளைந்த திராட்சை ஒரே பெயரில்தான் போத்தலுக்குள் போகிறது. ஆகவே 'குளோ து வூஜோ' என்று மட்டும் எழுதி மூன்று இலக்க விலை போட்ட பட்டியல் எதையுமே சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து மாம்பழம் என்று எழுதிவிட்டு, கறுத்தக்கொழும்பானா விலாட்டா, யாருடைய வளவில் பிடுங்கியது என்று சொல்லாமல் காசு கேட்பது மாதிரி.

அடுத்தது ஆண்டு. பொர்தோவில் 2010 வெயிலும் குளிரும் அளவாய் அமைந்த பெரிய ஆண்டு. 2013இல் குளிரும் மழையுமாகத் திராட்சை சரியாகப் பழுக்கவே பாடுபட்டது. செய்தவர் ஒருவரேதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. ஒருமுறை பெயர்பெற்ற ஓர் இடத்தில் 2010 என்று அச்சிட்டிருந்த போத்தலைக் கேட்டேன், 2013 வந்தது. கொண்டுவந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. லேபிளைப் பார்த்து நானே கேட்ட பிறகு, "அது முடிந்துவிட்டது" என்றார். விலை மட்டும் பழைய விலை. தோல் அட்டை, தங்க எழுத்து, எல்லாம் இருந்த பட்டியல் அது. இல்லாத போத்தலை வெட்டுவதற்கு ஒரு பேனா இருக்கவில்லை.

பட்டியலை எழுதியவருக்கு வைனில் உண்மையான ஆசை இருக்கிறதா என்று அறிய, நான் மூலைகளுக்குப் போவேன். புகழ்பெற்ற ஷாம்பேனும் பொர்தோவும் தம் பெயராலேயே விலைபோகும். அவற்றை வாங்கி அடுக்கப் பணம் இருந்தால் போதும். லுவார் ஆற்றங்கரை வூவ்ரே அப்படியில்லை. ஷெனான் என்ற ஒரே திராட்சையிலிருந்து அங்கே இனிப்பில்லாமலும், பாதி இனிப்பாகவும், முழு இனிப்பாகவும் வைன் செய்வார்கள்: செக், டெமி-செக், முவலே. 1928இல் தொடங்கிய உவே என்ற வீடு ல ஓ-லியூ, ல மோன், குளோ து பூர் என்று மூன்று தோட்டங்களின் வைனைத் தனித்தனியாகவே போத்தலில் அடைக்கிறது. 'வூவ்ரே' என்று எழுதிவிட்டு எந்த இனிப்பு என்று சொல்லாத பட்டியலை நம்பிக் கேட்டால், சிப்பிக்கு முன்னால் தேன் வந்து நிற்கும்.

ஜூரா மலைப்பக்கத்து மஞ்சள் வைன் இன்னொரு அடையாளம். பீப்பாய்க்குள் குறைந்தது 6 வருடமும் 3 மாதமும், குறைந்ததை மேலே ஊற்றி நிரப்பாமல் விட்டுவைப்பார்கள். ஒரு லீட்டர் ஆவியாகி எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டதுதான் அதன் போத்தல் அளவு என்பார்கள்: 62 சென்டிலீட்டர். வழக்கமான போத்தல் 75. அந்த வரியின் ஓரத்தில் '62' என்று சின்னதாகக் குறித்திருந்தால், அந்தப் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்தான் இதை எழுதியிருக்கிறார் என்று எனக்கு நிம்மதி வரும். சாப்பிட வந்தவர் ஏமாறக்கூடாது என்று நினைத்த மனிதர் அவர்.

இனி விலை. கடையில் 10 யூரோவுக்குக் கிடைக்கும் வைன் உணவகத்தில் 30 என்றால் எனக்குக் கோபம் வராது. வாடகை, கண்ணாடிக் கோப்பை, கழுவும் கை, எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. கழுவிய கையை நான் அறிவேன். ஆனால் கடையில் 60 யூரோ விற்கும் போத்தலையும் அதே மூன்றால் பெருக்கி 180 ஆக்கினால் அதில் நியாயம் குறைவு. தக்கையைத் திறக்கும் வேலையும் ஊற்றும் வேலையும் இரண்டுக்கும் ஒன்றுதானே. நல்ல இடத்தில் விலை ஏற ஏற அந்தப் பெருக்கல் இறங்கும். சிலர் எந்தப் போத்தலானாலும் ஒரே தொகையை மேலே வைத்து விற்பார்கள்; அங்கே மேல்வரிசை வைனைத் துணிந்து கேட்கலாம். கடைவிலை நமக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு வைனை, மலிவில் ஒன்று, உயர்வில் ஒன்று, எடுத்துக் கணக்குப் பார்த்தால் அந்த வீட்டின் குணம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மிக மலிவானதைக் கேட்க வெட்கப்பட்டு எல்லோரும் இரண்டாவது மலிவைக் கேட்பார்கள், அதனால் அங்கேதான் அதிக இலாபம் வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 2021இல் வெளிவந்த ஆய்வொன்று லண்டன் உணவகங்களின் பட்டியல்களை ஆராய்ந்து, அது சரியல்ல என்று காட்டியது. இலாப வீதம் உச்சத்துக்குப் போவது நடுவரிசையில். சித்தப்பாவுக்கு இது எப்போதோ தெரியும். "நடுவில நிக்கிறவன்தான் யோசிக்காமக் காசு குடுப்பான்" என்பார். விலை என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அடிவரிசையைத்தான். மிகக் குறைந்த விலை போத்தலை அக்கறையோடு தேடி எடுத்திருக்கிறார்களா? மலிவு வரிசையில் நல்ல மியூஸ்கதே வெள்ளை வைன் ஒன்றை வைத்திருக்கும் வீட்டில் மற்றதையும் நம்பலாம்.

பட்டியலின் பருமனையும் அதற்குக் கிடைக்கும் விருதையும் பற்றியும் சொல்லவேண்டும். 2008இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற எழுத்தாளர் மிலான் நகரில் இல்லாத ஓர் உணவகத்தின் பெயரில் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, 250 டொலர் கட்டணத்தோடு 'வைன் ஸ்பெக்டேட்டர்' இதழின் விருதுக்கு அனுப்பினார். அதன் உயர்விலைப் பகுதியில் இருந்தவை, அந்த இதழே முன்பு மோசம் என்று எழுதிய வைன்கள். விருது கிடைத்தது. அதன்பின் வாசல் கண்ணாடியில் ஒட்டிய விருதுச் சின்னத்தைப் பார்த்து நான் உள்ளே போவதில்லை.

அதற்காகப் பெரிய பட்டியல் எல்லாம் வெறும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். சேன் நதிக்கரையில் நோத்ர் டாமைப் பார்த்தபடி இருக்கும் லா தூர் தார்ஜோன் உணவகத்தின் பட்டியல் சுமார் 400 பக்கம், 8 கிலோ எடை. கீழே நிலவறையில் மூன்று இலட்சத்துக்கு மேல் போத்தல். 1940இல் ஜெர்மன் படை நகருக்குள் வருமுன், உரிமையாளர் வீட்டு மகன் குளோத் தெராய் சிறந்த போத்தல்களைச் சுவர் கட்டி மறைத்தார். அப்படிப்பட்ட இடத்தில் நாம் கொடுக்கும் பணத்தில் காத்திருப்புக்கும் விலை உண்டு. இளசாய் வாங்கி, பணத்தை முடக்கி, இருபது முப்பது வருடம் குளிரிலும் இருளிலும் அசையாமல் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் தகும். இன்னும் இறுகிக் கிடக்கும், வந்து இரண்டு வருடமே ஆன விலையுயர்ந்த பொர்தோக்களை மட்டும் வரிசையாய் நிறுத்தியிருக்கும் இடத்தில், எத்தனை பக்கம் இருந்தாலும் குடிக்க ஒன்றும் இல்லை.

பதினோராம் வட்டாரத்துத் தாளுக்கு வருகிறேன். நாங்கள் கேட்டது மோர்கோன் என்ற சிவப்பு வைன். மேசைக்கு வந்த பெண் என்ன சாப்பிடப்போகிறீர்கள் என்று கேட்டாள். பாலாடையும் காளானும் போட்ட கோழி என்றோம். அவள் கொஞ்சம் யோசித்து, பின்பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரியைக் காட்டினாள். வூவ்ரே, டெமி-செக், 2008. நாங்கள் கேட்டதைவிட 9 யூரோ குறைவு.

முதலில் லேபிளைக் காட்டினாள், ஆண்டு சரி. திறந்து ஊற்றியதும் வைக்கோல் பொன்னாய் இருந்தது. மணத்தில் தேன்மெழுகும், நனைந்த கம்பளியும், அவித்த சீமைமாதுளையும். இனிப்பு நாக்கின் ஓரத்தைத் தொட்டதுமே புளிப்பு வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பாலாடையின் கொழுப்பை ஒவ்வொரு மிடறும் வழித்தெடுக்க, அடுத்த கவளம் முதல் கவளம்போலவே ருசித்தது. சித்தப்பா பேசாமல் சாப்பிட்டார். அவர் பேசாமல் சாப்பிடுவது அபூர்வம்.

பில்லோடு வந்தவளிடம் இன்னொரு போத்தல் வீட்டுக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். அதுதான் கடைசி என்றாள். மேசையில் கிடந்த தாளை எடுத்து, காதில் செருகியிருந்த பேனாவால் அந்த வரியை மெதுவாக வெட்டிவிட்டு, அடுத்த மேசைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.