ஒரு ஜன்னலுக்குள் எக்ஸ்பி: நான் கொடுத்த ஒரு யோசனையைப் பற்றி

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், உற்சவ நோட்டீஸ், பில் புக் என்று எல்லாம் செய்வார்கள். அங்கே இன்றைக்கும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. தனிக் கணினியில் இல்லை. புதிய கணினிக்குள்ளே, ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கணினியாக. 2019ல் அதை அமைத்துக் கொடுத்தது நான்தான். அப்போது எனக்கு ரொம்பப் பெருமை. இந்தப் பதிவு அந்தப் பெருமையைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பதற்காக.

எக்ஸ்பியை ஏன் விட முடியவில்லை என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கடைக்காரர் அண்ணனின் கை பழகியது பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல். அதற்குப் பிறகு அடோபி தன் கவனத்தை இன்டிசைனுக்குத் திருப்பிவிட்டது. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. அதனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள், அவற்றைத் தட்டச்சு செய்ய ஒரு கீபோர்டு மென்பொருள் என்று ஒரு குடும்பமே அதைச் சுற்றி இருக்கும். அந்தக் குடும்பம் 64 பிட் விண்டோஸுக்குக் குடிபெயராது. 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. 16 பிட் நிரல் எதையும் அது ஓட்டாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து மென்பொருட்கள் சிலவற்றில் உள்ளே இருப்பது 32 பிட் நிரல்தான், ஆனால் அதை நிறுவிக்கொடுக்கும் செட்டப் மட்டும் 16 பிட். வீடு நல்ல வீடு, சாவி துருப்பிடித்துவிட்டது என்கிற கதை.

நான் போவதற்கு முன்னால் அங்கே டூயல் பூட் இருந்தது. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியில் எக்ஸ்பி, இன்னொன்றில் விண்டோஸ் 7. கணினியைப் போட்டால் எது வேண்டும் என்று கேட்கும். நெட்டில் இதைப் புகழ்ந்து எழுதியவர்கள் நிறைய. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

டூயல் பூட் என்பது ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பழையவருக்குப் புதியவரைப் பற்றி எதுவும் தெரியாது. எக்ஸ்பியை இரண்டாவதாக நிறுவினால், ஏற்கனவே இருக்கும் புதிய விண்டோஸின் பூட் துறையைக் கேட்காமலே அழித்து எழுதிவிடும். அதனால்தான் பழசை முதலில், புதுசை அப்புறம் என்று ஒரு விதி வந்தது. விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும் சேமித்து வைத்த ரெஸ்டோர் பாயின்ட்களை, எக்ஸ்பி அந்தப் பகுதியைத் தொட்ட மாத்திரத்தில் அழித்துவிடும். விண்டோஸ் 8 வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வந்தது. ஷட்டவுன் செய்தோம் என்று நாம் நினைப்போம், அது பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு இயங்குதளத்தில் ஏறி அதே டிஸ்க்கில் எழுதினால் கோப்புகள் சிதையலாம். கணினி யுஇஎஃப்ஐ, ஜிபிடி என்று மாறிய பிறகு 32 பிட் எக்ஸ்பியால் அந்த டிஸ்க்கிலிருந்து எழும்பவே முடியாது. சாட்டா டிஸ்க்குக்கு டிரைவர் இல்லாமல் நிறுவப் போனால் நீலத் திரைதான்.

இதெல்லாம் தொழில்நுட்பக் குறைகள், சமாளிக்கலாம். பெரிய குறை வேறு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். எக்ஸ்பியில் அடித்ததை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் மூடித் திறந்து அடுத்ததில் ஏற வேண்டும். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது இதை யார் செய்வார்? அண்ணன் எக்ஸ்பியிலேயே இன்டர்நெட்டைப் போட்டுக்கொண்டார். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு கைகழுவிய இயங்குதளம் அது. ஊரிலிருந்து வரும் பென் டிரைவ் எல்லாம் அதில்தான் சொருகப்பட்டது. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

(ஒரு இடைச்செருகல். 2011ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பிலும் இரண்டு இயங்குதளங்கள் வந்தது ஞாபகம் இருக்கலாம். ஒன்று விண்டோஸ், இன்னொன்று சி-டாக் சென்னையில் உருவாக்கிய டெபியன் வழி பாஸ் லினக்ஸ். எங்கள் உறவில் மூன்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது. மூன்று பேரில் ஒருவர்கூட அந்த இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுத்ததில்லை. அதில் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பூட் மெனு ஒரு தேர்வைக் காட்டும், தேவையை உண்டாக்காது.)

ஆகவே நான் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டேன். எக்ஸ்பி முழுவதும் ஒரே ஒரு கோப்பாக ஆகிவிடும். அதற்கு ஒரு பொய்யான கணினியைக் காட்டுகிறோம்: பழைய மாதிரி டிஸ்க், பழைய மாதிரி நெட்வொர்க் கார்டு. அது நம்பிக்கொண்டு ஓடும். நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிட்டேன். பகிரப்பட்ட ஒரே ஒரு ஃபோல்டர் வழியாக பிடிஎஃப் வெளியே வரும். ஏதாவது கெட்டுப்போனால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் போதும். பேரலல் போர்ட்டில் டாங்கிள் சொருகினால்தான் திறக்கும் ஒரு எழுத்துரு மென்பொருள் மட்டும் கடைசிவரை மசியவில்லை. அதை விட்டுவிட்டோம். போன அக்டோபர் 14ல், அதாவது 2025ல், விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது. அண்ணன் விண்டோஸ் 11 கணினி வாங்கினார். அந்தக் கோப்பை காப்பி செய்து திறந்தேன், அரை மணி நேரத்தில் எக்ஸ்பி பழைய வால்பேப்பரோடு சிரித்தது. டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்படியானால் குறை எங்கே?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இந்தப் பக்கம் இருக்கிறார். எண்பது தாண்டியவர். நம் ஊர்ப் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரை, செங்கல்பட்டுக்குப் பக்கத்து வல்லம் குடைவரைகள் என்று சுற்றுவட்டாரக் கோயில்கள், கல்வெட்டுகள் பற்றி அவர் எழுதிய குறிப்புகளை இதே கடையில்தான் 2002ல் பேஜ்மேக்கரில் அடித்து வைத்தார்கள். மொத்தம் 96 பக்கம். இப்போது அவருக்குக் கண் தெரிவதில்லை. பேத்தி போனில் செய்தி வாசிக்க வைப்பதைக் கேட்டுவிட்டு, "என் நோட்ஸையும் இப்படிப் படிக்கச் சொல்லுப்பா" என்றார். சின்ன ஆசை. ஜன்னலுக்குள் எக்ஸ்பியைத் திறந்து, பிடிஎஃப் எடுத்து, போனில் போட்டேன். கண்ணுக்கு அச்சு அசல். போன் வாசித்தது: ஜே, கே, பி, ஓ...

பாமினியில் "தமிழ்" என்ற சொல் அதுதான். ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கோப்பில் இருப்பது ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. போர்வையை எடுத்தால் தமிழே இல்லை. ஐயா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னப்பா இது, திட்டுதா?" என்றார்.

சரி, மாற்றிதான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நெட்டில் டஜன் கணக்கில். ஆனால் பழைய எழுத்துரு கண்ணுக்காகச் செய்யப்பட்டது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தால் அதற்குப் போதும். வல்லம் குடைவரையைச் செய்வித்த கந்தசேனன் பெயரில் ஏகாரக் கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். இதை எல்லா மாற்றிகளும் சரியாகச் செய்துவிடும். "பௌர்ணமி" என்று வரும்போதுதான் சிக்கல். பாமினியில் அதன் முன்பாதி கொம்பு, ப, ள. "பெள" என்பதற்கும் அதே மூன்று குறிகள்தான். எது எது என்று கோப்புக்கே தெரியாது. நான் பயன்படுத்திய மாற்றி "பெளர்ணமி" என்று கொடுத்தது. போனும் அப்படியே பெ-ள-ர்-ண-மி என்று வாசித்தது. அடுத்தது ரகர மெய். டைப்ரைட்டர் பழக்கத்தில் அதைக் கால் போட்டு, மேலே புள்ளி வைத்து அடிப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. மாற்றி கவனிக்காமல் விட்டால் "அவா்கள்" என்று வரும். நீங்கள் "அவர்கள்" என்று தேடினால் அது சிக்காது. சில செய்தித் தளங்களில் இன்றும் இந்தக் கால்புள்ளி ரகரத்தைப் பார்க்கலாம். அச்சுப் பிரதியை ஓசிஆர் செய்தும் பார்த்தேன். சாதாரண உரைநடைக்கு அருமை. கல்வெட்டின் பழைய எழுத்துக்கூட்டலை மட்டும் அது பல இடங்களில் இன்றைய சொல்லாகத் "திருத்தி"விட்டது, அதுதான் எங்களுக்குக் கூடாதது.

என் குறை இங்கேதான். 2019ல் நான் இயங்குதளத்தைக் காப்பாற்றினேன், எழுத்தைக் காப்பாற்றவில்லை. அதைவிட மோசம், ஜன்னல் அவ்வளவு சௌகரியமாக இருந்ததால் அண்ணன் அதற்குப் பிறகும் எல்லாப் புது வேலையையும் அதற்குள்ளேயே செய்தார். டூயல் பூட் இருந்தவரை ஒரு எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சல் தாங்காமல் என்றைக்காவது யூனிகோடுக்கு மாறியிருப்பார். விண்டோஸ் 2000த்திலேயே தமிழ் யூனிகோட் வந்துவிட்டது. 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நான் 2019ல் ஒருவரைப் பாமினியிலேயே வசதியாக உட்கார வைத்திருக்கிறேன். ஆறு வருட நோட்டீஸ்கள், இரண்டு கோயில் மலர்கள், ஒரு பள்ளி ஆண்டு மலர், எல்லாம் ஜே, கே, பி, ஓ.

"எக்ஸ்பியைத் தூக்கிப் போடு" என்பவர்களோடும் நான் சேரவில்லை. மாற்றி தவறு செய்யும் இடத்தில் எது சரி என்று சொல்லக்கூடியது அந்தப் பழைய திரை மட்டும்தான். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகம் 2010ல் சல்மான் ருஷ்டியின் பழைய மேக்கின்டாஷ் கணினியை எமுலேட்டரில் திறந்து வைத்தது. அவர் கண்ட திரையை அப்படியே காணலாம். ஆனால் கோப்புகளைத் தேடக்கூடிய வடிவிலும் தனியாக மாற்றி வைத்தார்கள். அங்கே பழைய கணினி பார்ப்பதற்கு. யாரும் அதில் உட்கார்ந்து புது நாவல் எழுதவில்லை.

இப்போது கடையில் ஏற்பாட்டை மாற்றியிருக்கிறோம். பகிர்ந்த ஃபோல்டரை எக்ஸ்பி படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. பிடிஎஃப் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட வேண்டும். அண்ணனுக்கு இதில் கோபம்தான். "நல்லா ஓடிட்டிருந்ததை ஏன் சார் நொண்டியாக்குறீங்க?" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. கல்யாண சீசனில் அவர் வருமானத்தோடு விளையாடுகிறேன் என்பதும் உண்மை. புது வேலைகளுக்கு இன்டிசைனும் தமிழ்99ம் பழகிக்கொண்டிருக்கிறார். வேகம் பாதிகூட வரவில்லை. அவசர வேலை வந்தால் கண்டுகொள்ளாமல் விடுவதாக ஒரு ஒப்பந்தம்.

ஞாயிறு மாலைகளில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போகிறேன். இடது பக்கம் எக்ஸ்பி ஜன்னல், வலது பக்கம் மாற்றிய உரை. போன் வாசிக்கும், ஐயா கேட்பார், தப்பு வந்தால் கையைத் தூக்குவார், நான் இடது பக்கம் பார்த்து வலது பக்கம் திருத்துவேன். போன வாரம் ஓரிடத்தில் கையைத் தூக்கினார். பார்த்தால் மாற்றி சரியாகத்தான் மாற்றியிருந்தது; 2002ல் அடித்தபோதே தப்பு. இருபத்து மூன்று வருடம் அவர் கண்ணிலேயே படாதது. 41ஆம் பக்கத்தில் நிற்கிறோம்.