வளைவு யாருடையது? – திருமலை நாயக்கர் மகாலும் வழிகாட்டியின் உரையும்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். மேடைப் பேச்சுகளை விமர்சிக்கிறோம். திரைப்படங்களைக் காட்சி காட்சியாக அலசுகிறோம். ஆனால் வரலாற்றுச் சின்னங்களின் நிழலில் நின்றுகொண்டு சுற்றுலா வழிகாட்டிகள் நாள்தோறும் நிகழ்த்தும் உரையை ஒரு பனுவலாகக் கொண்டு ஆராய்வோர் அரிது. பள்ளிப் பாடநூலை மூடிவைத்த பின்னர் நம் மக்களில் பெரும்பாலோர் வரலாறு என்ற பெயரில் எதையேனும் செவிமடுப்பது அவ்விடங்களில்தான் என்பதை நோக்கும்போது இப்புறக்கணிப்பு வியப்பிற்குரியது.

சிவகாசியிலிருந்து விருதுநகர் வழியாக மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காலையில் வாடகைக் காரில் புறப்பட்டு, மதுரையில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு, பொருள் வாங்கி, இரவு உணவிற்கு வீடு திரும்பிவிடலாம். அச்சகத் தொழிலில் ஈடுபட்டுள்ள முஸ்லிம் குடும்பம் ஒன்றுடன் அத்தகைய பயணமொன்றில் நானும் உடன் சென்றிருந்தேன். அன்று கேட்ட உரையே இங்கு ஆய்வுக்குரியது. அதை நிகழ்த்தியவர் சுறுசுறுப்பான இளைஞர்; குரல்வளம் உடையவர்; தம் தொழிலை விரும்பிச் செய்பவர் என்பதும் தெரிந்தது. அவர் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. அவர் வாயிலாகப் பேசிய மரபின் மீதே என் விமர்சனம்.

முதலில் அவ்வுரையின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். மகாலின் கூரையிலுள்ள துளையைச் சுட்டிக்காட்டித் திருடன் கதையைச் சொல்லும்போது அவர் தேர்ந்த கதைசொல்லியாகிவிடுகிறார். திருடன் ஒருவன் கூரையைத் துளைத்து, சங்கிலியைப் பற்றி இறங்கி, அரச அணிகலன்களைக் கவர்ந்து சென்றான். மீட்டுத் தருவோருக்குப் பரம்பரை மானியம் அளிப்பதாக மன்னர் அறிவித்தார். திருடன் தானே வந்து ஒப்படைத்தான். மன்னர் வாக்களித்தபடி மானியத்தைக் கொடுத்துவிட்டு, அவன் தலையைக் கொய்யவும் ஆணையிட்டார். ஆங்கிலேயர் காலத்துப் பயண நூல்களிலேயே இடம்பெற்ற கதை இது. கொடுத்த வாக்கும் தவறவில்லை, தண்டனையும் தப்பவில்லை என்று நம் வழிகாட்டி முடித்தபோது குழந்தைகள் கூரையையே நோக்கிக்கொண்டிருந்தார்கள். வாய்மொழிக் கதைக்குரிய கட்டுக்கோப்பும் அரசநீதி பற்றிய கசப்பான நையாண்டியும் அதில் உள்ளன. இதை வரலாறன்று என்று தள்ளுவது எளிது. அது எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் கட்டடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எழுந்தது. ஏறத்தாழ 250 அடி நீளமும் 150 அடி அகலமும் கொண்ட முற்றத்தின் நடுவில் நின்று, தூண்களை இணைக்கும் இலைவடிவ வளைவுகளை நோக்கிக் கையை உயர்த்தி, குடும்பத் தலைவரிடம் அவர் சொன்னார்: "பாய், மேலே பாருங்க. இந்த ஆர்ச்சு எல்லாம் உங்க ஆளுங்க ஸ்டைலு. தூண் வெள்ளைக்காரன் ஸ்டைலு. சிற்பம் நம்ம ஸ்டைலு. இதுக்குப் பேரு இந்தோ-சாரசெனிக்." அன்பாகவே சொன்னார். வந்தவர்களை மகிழ்விக்கும் எண்ணமன்றி வேறொன்றும் அதிலில்லை. குடும்பத்தினரும் மகிழ்ந்தார்கள், அவ்வளைவின் கீழ் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மூன்று வாக்கியங்களையும் எடைபோட்டுப் பார்ப்போம். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். மகால் 1636இல் கட்டப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. 'இந்தோ-சாரசெனிக்' என்ற சொல்லோ பத்தொன்பதாம் நூற்றாண்டினது. இந்தியக் கட்டடங்களை இந்து, சாரசெனிக் என்று சமயவாரியாகப் பிரித்து அட்டவணைப்படுத்தியோருள் முதன்மையானவர் ஜேம்ஸ் பெர்குசன். அவரது பெருநூல் 1876இல் வெளிவந்தது. தென்னாட்டுக் கோயில்கள் தூணும் உத்தரமுமாக அமைந்திருக்க, அரண்மனைகள் மட்டும் வளைவும் கவிகைமாடமுமாக அமைந்திருப்பதை அவர் கூர்ந்து கவனித்தார். கவனிப்பு சரியானது. ஆனால் வளைவைக் கண்டதும் அதற்குச் சமயப் பெயர் சூட்டியது அக்காலத்தின் பழக்கம்.

இவ்விடத்தில் மகாலுக்கே ஒரு தனிப் பங்குண்டு என்பதை நம் வழிகாட்டிகள் அறிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது அரண்மனையின் பகுதிகளைப் பெயர்த்துச் சென்றார். எஞ்சியது நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்கச் செய்தார். இந்தியாவில் புதிதாக எழும் அரசுக் கட்டடங்களுக்கு முஸ்லிம் பாணி ஏற்றது என்று பேசியவரும் அவரே. மகாலின் சீரமைப்போடு தொடர்புடைய ராபர்ட் சிஷோம் பின்னர் சென்னையில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தை எழுப்பினார். ஆக, மகாலைக் கண்ட கண்களே அப்புதிய பாணியை வளர்த்தன. பின்பு அப்பாணியின் பெயர் பின்னோக்கி மகாலுக்கே சூட்டப்பட்டது. பேரனின் பெயரைப் பாட்டனுக்கு வைத்தது போன்ற வேடிக்கை இது.

'வெள்ளைக்காரன் ஸ்டைலு' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் இதை வடிவமைத்தார் என்பது சுற்றுலா ஏடுகளில் திரும்பத் திரும்ப அச்சாகிறது. அதற்குச் சமகாலச் சான்று எதையும் அவ்வேடுகள் காட்டுவதில்லை. 1606 முதலே ராபர்ட் டி நொபிலி போன்ற ஏசுசபைத் துறவியர் மதுரையில் வாழ்ந்தனர் என்பது உண்மை. அதிலிருந்து தூணுக்குத் தாவுவது நீண்ட தாவல்.

வளைவுக்குத் திரும்புவோம். நாயக்கர்கள் விஜயநகரத்தின் வழித்தோன்றல்கள். ஹம்பியின் தாமரை மகாலிலும் யானைக் கொட்டிலிலும் வளைவும் கவிகைமாடமும் உள்ளன. செஞ்சியின் கல்யாண மகாலிலும் வளைவுகள் உண்டு. பதினான்காம் நூற்றாண்டிலேயே விஜயநகர மன்னர்கள் 'இந்துராய சுரத்ராண', அதாவது இந்து மன்னருள் சுல்தான், என்று தம்மைக் கல்வெட்டில் அழைத்துக்கொண்டார்கள். அவர்களது அரசவை உடையாகிய கபாயியும் குல்லாயியும் பாரசீக அரசவை வழக்கிலிருந்து வந்தவை என்பதைப் பிலிப் வேகனர் 1996இல் எழுதிய கட்டுரையில் விரிவாக விளக்கியுள்ளார். நாம் இன்றும் சொல்லும் 'குல்லாய்' அதே சொல்தான். வளைவு, குல்லாய், சுல்தான் பட்டம் ஆகிய மூன்றும் அக்கால அரசவைகளின் பொதுமொழி. பீஜப்பூர் தொடங்கி மதுரை வரை அரசர் எனப்பட்டோர் அம்மொழியில் பேசினர். திருமலை நாயக்கர் வளைவைக் கட்டியது முஸ்லிம்களிடம் கடன் வாங்கவுமன்று, நல்லிணக்கத்தைப் பறைசாற்றவுமன்று. அரண்மனை என்றால் அக்காலத்தில் அப்படித்தான் இருக்கும். 'மகால்' என்பதே அரபு மூலச்சொல் என்பதை மதுரைக்காரர் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 1970 வரை இம்மண்டபங்களில் மாவட்ட நீதிமன்றம் இயங்கிய காலத்தில் வக்கீல்களும் ஜில்லா நீதிபதிகளும் தம் பெயரிலுள்ள அரபை நினைத்திருப்பார்களா என்ன!

இதற்கு மறுதலையான சான்று கடற்கரையில் இருக்கிறது. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல், வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. அதுவும் பதினேழாம் நூற்றாண்டுக்குரியதாகவே கொள்ளப்படுகிறது. வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் போதிகைகள், உத்தரங்கள், தட்டையான கற்கூரை. தமிழகக் கோயில் மண்டபம் கட்டிய அதே சிற்பியர் மரபின் கைவண்ணம். மனித உருவமும் விலங்குருவமும் இல்லாமல் பூவேலைப்பாடு மட்டும். காயல்பட்டினத்தின் பழம் பள்ளிவாசல்களும் இவ்வகையினவே. மதுரையிலேயே காஜிமார் பெரிய பள்ளிவாசலின் உட்கூடத்தில் கற்றூண்களைக் காணலாம். மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூலில் இவற்றை அளந்து வரைந்து காட்டியிருக்கிறார். வளைவு முஸ்லிமுடையது, தூணும் உத்தரமும் இந்துவினுடையவை என்ற கணக்கை ஏற்றால், ஏறத்தாழ ஒரே காலத்தில் மதுரை மன்னர் முஸ்லிமாகவும் கீழக்கரை மரைக்காயர்கள் இந்துக்களாகவும் இருந்திருக்க வேண்டும். இவ்வளவில் அக்கணக்கு பொய்த்துவிடுகிறது.

இது வெறும் கலைச்சொல் தகராறு என்று வாசகர் எண்ணக்கூடும். தனிப்பட்ட முறையில் அமர்த்தப்படும் வழிகாட்டியின் தொழில்முறையை நோக்கினால் இதன் முக்கியத்துவம் புலப்படும். அவர் கேட்பவர் முகம் பார்த்துப் பேசுகிறார். தலையில் தொப்பியையும் முக்காட்டையும் கண்டதும் 'உங்க ஆளுங்க ஸ்டைலு' என்ற பக்கம் திறக்கிறது. சிவகாசி மக்களுக்கு இதை விளக்க நீண்ட முயற்சி தேவையில்லை. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அங்கு புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியிடப்படுகின்றன. ஆர்டர் கொடுக்க வரும் வணிகரின் சமயத்திற்கேற்ப முகவர் பக்கத்தைப் புரட்டுகிறார்: ஒருவருக்கு முருகனும் லட்சுமியும், ஒருவருக்கு வேளாங்கண்ணி மாதா, ஒருவருக்கு மக்காவும் மதீனாவும். இந்தப் பட உலகைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் 2007இலும், முஸ்லிம் பக்திப் படங்களைப் பற்றி யூசுப் சயீத் 2012இலும் நூல்கள் எழுதியுள்ளனர். காலண்டர் வணிகத்தில் அது நியாயமான முறைதான். வீட்டுச் சுவரில் எதை மாட்டுவது என்பது வீட்டாரின் விருப்பம். அரண்மனையை அப்படிப் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்க முடியாது. நமக்குக் காட்டப்பட்ட பக்கத்தில் வளைவு நம்முடையது. அடுத்த காரில் வருவோருக்கு எந்தப் பக்கம் திறக்கப்படுகிறது என்பதை நாம் அறிய வழியில்லை. பொதுமேடையில் ஒருவர் மாற்றி மாற்றிப் பேசினால் கேட்டவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தனி உரைக்கு அத்தகைய சோதனை கிடையாது.

'வளைவு உங்களுடையது' என்ற பரிசில் மற்றொரு வாக்கியமும் பொதிந்திருக்கிறது. மற்றவை உங்களுடையவை அல்ல என்பதே அது. அன்றைய உரையில் மதுரை முஸ்லிம்கள் இரண்டே இடங்களில் வந்தார்கள். 1311இல் மாலிக் கபூர் படையெடுத்து வந்தார். பிறகு ஆர்ச்சு வந்தது. இடையிலும் பின்பும் ஒருவருமில்லை. 1335 அளவில் தொடங்கி நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்த மதுரை சுல்தானகம் இல்லை, காஜிமார் தெரு இல்லை, கோரிப்பாளையம் இல்லை. படையெடுப்பை மறைக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. மதுரைக்கு வந்த இப்னு பதூதா, அப்போதைய சுல்தான் கியாதுத்தீன் தம் மனைவியின் சகோதரியை மணந்தவராக இருந்தும், பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொன்றதைத் தம் ரிஹ்லாவில் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். உறவையும் சமயத்தையும் பார்த்து அவர் பேனா தயங்கவில்லை. பயண எழுத்தில் நமக்கு அத்தகைய முன்னோடி இருக்க, முகம் பார்த்துப் பேசும் உரையில் நாம் மனம் நிறைவடைவது தகாது.

திரைப்படமும் இதில் துணை நிற்கிறது. 1995இல் வெளிவந்த 'பம்பாய்' படத்தின் முஸ்லிம் திருமணப் பாடல் இம்மண்டபத்தில்தான் படமாக்கப்பட்டது. வழிகாட்டி அதைச் சொல்லத் தவறவில்லை. உரையிலேயே அதிகம் வரவேற்கப்பட்ட செய்தியும் அதுவே. நாயக்க மன்னரின் அரசவை ஒரு முஸ்லிம் வீட்டுத் திருமணக் கூடமாகத் திரையில் எந்த இடறலுமின்றிப் பொருந்தியதற்கு, வளைவைக் கண்டால் முஸ்லிம் என்று வாசிக்க நாம் அனைவரும் பழக்கப்பட்டிருப்பதே காரணம் எனலாம்.

உரையில் இன்னொரு வெற்றிடமும் இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெண்கரு கலந்து மெருகேற்றினார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, குடும்பத்தின் மூத்தவர், வாழ்நாளெல்லாம் அச்சு இயந்திரத்தின் முன் நின்றவர், "அரைச்சது யாரு தம்பி? எத்தனை பேரு?" என்று கேட்டார். வழிகாட்டி சிரித்துவிட்டு, "மன்னர்தான் கட்டுனாரு ஐயா" என்றார். தீப்பெட்டியிலும் வெடிக்கட்டிலும் முதலாளியின் முத்திரையே அச்சாகும் ஊரிலிருந்து வந்தவரின் கேள்வி அது. நிறுவனப் பெயருக்குப் பின்னால் எத்தனை கைகள் உள்ளன, அவற்றுள் எத்தனை வெந்துபோயின என்பதை அப்பகுதியில் எல்லோரும் அறிவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 60 அடி விட்டமுள்ள கவிகைமாடத்தை மர உத்தரமோ இரும்போ இன்றிச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய கைகளைப் பற்றி உரையில் ஒரு சொல்லுமில்லை. வளைவு யாருடையது என்ற கேள்விக்கு அன்று சரியான திசையில் நகர்ந்தவர் அந்த மூத்தவர் ஒருவரே என்பது என் கருத்து.

அன்றைய பயணத்திட்டத்தில் இடம்பெறாத சின்னங்களையும் குறிப்பிட வேண்டும். மதுரையில் பத்துத்தூண் சந்து என்று வழங்கும் நெரிசலான கடைவீதியில், அதே அரண்மனை வளாகத்தின் எச்சமான பத்துத் தூண்கள் கூரையின்றி நிற்கின்றன. அவ்வீதியில் துணி வாங்கினோம். தூண்களைப் பற்றி வழிகாட்டி பேசவில்லை. சிவகாசிக்கு மிக அருகில் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கரின் சிறிய அரண்மனை ஒன்று இருக்கிறது. அவ்வூர்க் கோயிலில் பூசை முடிந்த பின்னரே மன்னர் மதுரையில் உணவருந்துவார் என்றும், அதை அறிவிக்க வழிநெடுக மணி மண்டபங்கள் அமைத்தார் என்றும் ஒரு வழக்கு உண்டு. கட்டபொம்மனையும் திருச்செந்தூரையும் இணைத்தும் இதே கதை சொல்லப்படுகிறது. மதுரைக்கு 75 கிலோமீட்டர் செல்லும் குடும்பங்கள் இதைப் பார்க்காமலிருப்பதற்கு, அங்கு அமர்த்திக்கொள்ள வழிகாட்டி இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அரைநாள் போதும். கீழக்கரைப் பள்ளிவாசலையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் தனியே ஒரு முழுநாள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். தொழுகை நேரம் தவிர்த்த முற்பகலில் சென்றால் தூண்களை நிதானமாகப் பார்க்கலாம்.