திரை எந்தச் சுவரில்?

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,000-க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் வேலை 2024-இல் வேகம் பிடித்தது. தனியார் பள்ளி விளம்பரங்களில் மட்டும் தெரிந்த ஸ்மார்ட் போர்டு ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கும் வருவது நியாயமானது. ஆனால் பெரும்பாலும் அதை எங்கே மாட்டுகிறோம்? கரும்பலகை இருந்த முன் சுவரில், பெரியவர்களின் கண் மட்டத்தில். என் மனக்குறை அந்த ஆணியிலிருந்தே தொடங்குகிறது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், தொடக்க வகுப்பின் முகத்தையே மாற்றியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பட்டை ஓடியது. ஆளுக்கொரு இடம் பிடித்து எழுதினார்கள். அந்த முறைக்கும் குறைகள் உண்டு. பிள்ளைகள் படிக்கும் கற்றல் அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. எழுத்துப் பயிற்சி குறைகிறதென்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் 'முன்பக்கம்' என்ற ஒன்று இல்லாத வகுப்பறையை அது காட்டியது. பெருந்திரை அந்த முன்பக்கத்தை மீண்டும் கொண்டுவந்துவிட்டது. தொடுதிரைதான், ஆனால் ஒரு பிள்ளை தொடும்போது மற்றவர்கள் பார்வையாளர்கள்.

2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தோடு வைத்துப் பார்த்தால் முரண் இன்னும் துலங்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து, அவரவர் இடத்திலிருந்து நகர்த்துவதே அதன் அடிப்படை. திரையோ மூன்று குழுவுக்கும் ஒரே காணொளியைத்தான் ஓட்டும். 'ழ'வும் 'ள'வும் குழம்பும் பிள்ளையும் கதைப்புத்தகம் வாசிக்கும் பிள்ளையும் ஒரே பாட்டுக்குக் கைதட்டுவார்கள்.

திரையின் பலனை மறுக்க முடியாது. எரிமலையையும் பனிக்கரடியையும் சாக்பீஸால் வரைந்து காட்ட எத்தனை ஆசிரியரால் முடியும்? ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பை நல்ல குரலில் கேட்பது சிறிய உதவியல்ல. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள ஈராசிரியர் பள்ளிகளில், இரண்டாம் வகுப்பு படம் பார்க்க, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித்தரலாம். இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஆசிரியர் பற்றாக்குறையை மறைக்கும் திரைச்சீலையாக அது மாறிவிடும். ஆசிரியர்களுக்குத் தரப்பட்ட கைக்கணினியின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். கற்பிக்க என்று வந்தாலும் ஆசிரியர் அறையில் அதிகம் கேட்கும் சொல் 'எமிஸ்', அதாவது பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் இணையதளம்.

கருவி மட்டும் போதாது என்பதையே வெளி அனுபவங்களும் சொல்கின்றன. பெருவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாரி வழங்கிய திட்டத்தைப் பற்றி 2012-இல் வெளியான மதிப்பீட்டில், கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருள் பலன் தந்தது. அது தனிக் கணினியில் ஒவ்வொரு மாணவரின் நிலைக்கேற்பக் கேள்வி கொடுத்தது. சிறு குழுவாக ஆசிரியர் உதவியும் சேர்ந்திருந்தது. பெரிய திரைக்கு அங்கே வேலையே இல்லை.

எனவே அமைப்பை மாற்றிப் பார்க்கலாம். திரையைப் பக்கச் சுவருக்கு, ஆறு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்துக்கு இறக்கலாம். ஜன்னல் வெளிச்சம் அதில் விழாத பக்கமாகப் பார்த்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பத்து மணிக்குமேல் கண்ணாடிபோலப் பிள்ளைகளின் முகம்தான் தெரியும். முன் சுவர் கரும்பலகைக்கே இருக்கட்டும். ஒரு மூலையில் நான்கைந்து கைக்கணினி, பாய், ஹெட்போன். ஒரு குழு அங்கே, ஒரு குழு ஆசிரியரிடம், ஒரு குழு நோட்டோடு. அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறலாம். இந்த மூலைக்குத் திரைக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே ஆகும். ஆனால் பழுது பார்க்க ஆண்டுதோறும் ஒரு தொகையும், மூன்றாவது ஆசிரியரும் கிடைத்தால்தான் இந்த ஏற்பாடு ஓடும். இரண்டுமே ஒருமுறை வாங்கிப்போட்டுத் திறப்பு விழா நடத்த முடியாத செலவுகள்.