பூட்டிவிட்டால் தீருமா? பழைய பஜிரோவும் ஒரு குறுக்குவழியும்

மாரி தொடங்கிவிட்டால் கிண்ணியாவின் வயற்பாதைகளில் பின்சக்கரத்தை மட்டும் நம்பிப் போக முடியாது. 2009 இல் திறந்த பாலம் திருகோணமலைப் பயணத்தை இலகுவாக்கியது. மகாவலியின் வண்டல் படிந்த உட்பாதைகளுக்கு இன்றும் ஃபோர்வீல்தான் துணை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே பழைய பஜிரோவைப் பழுதுபார்த்து ஓட்டுவது பலருக்கும் கட்டாயமாகிப்போனது.

லிவரைத் தள்ளியும் முன்சக்கரம் இழுக்காதபோது, பழைய பஜிரோக்காரர்கள் நாடும் குறுக்குவழி ஒன்று உண்டு: முன் அச்சின் இணைப்பை நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. இதை முழுதாகப் புகழவும் கூடாது, முழுதாகத் தள்ளவும் கூடாது.

1991 இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜிரோவின் சூப்பர் செலக்ட் அமைப்பில், முன் அச்சின் ஒரு பக்கத் தண்டை டிஃப்பரன்ஷியலோடு சேர்ப்பதும் பிரிப்பதும் வெற்றிட விசைதான். டீசல் எஞ்சினின் வெற்றிடப் பம்ப் உறிஞ்ச, சொலினோய்ட் வால்வுகள் திறந்து மூட, இரண்டு ரப்பர் குழாய்கள் வழியே அச்சிலுள்ள சவ்வு அசைந்து கவையைத் தள்ளும். சூட்டில் குழாய் வெடிக்கும், உப்புக்காற்றில் மின்முனைகள் துருப்பிடிக்கும், சவ்வு கிழியும். எது போனாலும் அறிகுறி ஒன்றே: டேஷ்போர்டில் விளக்கு கண்சிமிட்டும், முன்சக்கரம் சும்மா உருளும்.

பூட்டுவதன் பலம் இங்கேதான். பழுதாகக்கூடிய நான்கைந்து பாகங்களின் தயவு தேவையில்லை. சேற்றில் இறங்கிய பின் கவை சேருமா என்ற பயமும் இல்லை. டூவீலில் ஓடும்போது டிரான்ஸ்பர் கேஸ் முன்பக்கத்தை விட்டுவிடுவதால், பூட்டிய அச்சு தார்வீதியில் கியரை இறுக்காது.

பலவீனம் இரண்டு. ஒன்று, முன் புரொப்பெல்லர் ஷாப்டும் அதன் மூட்டுகளும் எப்போதும் சுழலும். தேய்மானமும் எரிபொருளும் கொஞ்சம் கூடும், பழைய மூட்டு சத்தம் போடத் தொடங்கும். மற்றது இன்னும் பாரதூரமானது. அதே வெற்றிடப் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும் உதவுகிறது. பம்ப் தளர்ந்துதான் ஃபோர்வீல் விழவில்லையென்றால், அச்சைப் பூட்டுவது அபாய அறிவிப்பை அணைத்துவிடுவதாகும். ஃபோர்வீல் திரும்பிவிடும், பிரேக் மிதி இறுகிக்கொண்டே போகும்.

ஆகவே கேள்வி, பூட்டலாமா என்பதல்ல. எதைக் கண்டபின் பூட்டுகிறோம் என்பதே. கண்டறிவது கடினமல்ல. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் லிவரை மாற்ற மற்றவர் அச்சிலுள்ள கவைத்தண்டு அசைகிறதா என்று பார்க்கலாம். அசைந்தால் வெற்றிடம் சரி. கவையையும் டிரான்ஸ்பர் கேஸையும் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் குழாய்களைக் கழற்றி விரலால் மூடிப் பார்க்கலாம். உறிஞ்சினால் சவ்வு கிழிந்திருக்கும் அல்லது கவை இறுகியிருக்கும். இரண்டிலும் உறிஞ்சாவிட்டால் குழாய், வால்வு, மின்கம்பி, பம்ப் என்று பின்னோக்கிப் போக வேண்டும். சில நேரம் ஒரு சாண் ரப்பர் குழாயோடு கதை முடிந்துவிடும்.

இந்த ஒழுங்கைத் தவிர்த்துவிட்டு டிரான்ஸ்பர் கேஸையே இறக்குவதும், எடுத்த எடுப்பில் பூட்டுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டுமே காரணத்தைத் தேடுவதில்லை.

எல்லா வாகனத்துக்கும் இதே தீர்வும் பொருந்தாது. பழைய ஹைலக்ஸ் சிலவற்றில் சக்கர ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். அதை மறந்தால் லிவரும் விளக்கும் சரியென்று சொல்லும், சக்கரம் இழுக்காது. அங்கே பழுதே இல்லை.

சவ்வு கிழிந்து, மாற்றுப் பாகம் கிடைக்காத நிலையில் பூட்டுவது நியாயமான முடிவு. பம்பும் பிரேக்கும் சரியென்று உறுதிசெய்த பின்பே அதைச் செய்ய வேண்டும். செய்ததை சர்விஸ் கொப்பியில் எழுதிவைக்கவும் வேண்டும். வாகனத்தை விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.