சந்திரமுகியின் சலங்கை ஒலியைக் கேட்டது யார்?

2005ஆம் ஆண்டு சித்திரை முதல் நாளன்று வெளிவந்த ‘சந்திரமுகி’ திரைப்படத்தை உங்களில் பலர் ஒருமுறைக்கு மேல் பார்த்திருப்பீர்கள். மது முட்டம் கதை எழுத, பாசில் இயக்கி 1993இல் வந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ என்னும் மலையாளப் படமே இதற்கு மூலம். தமிழில் இயக்கியவர் பி. வாசு. வேட்டையபுரம் அரண்மனையில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. நெடுங்காலத்துக்கு முன் அரசனால் உயிரோடு எரிக்கப்பட்ட நடனமாதின் ஆவி. அதற்கு அஞ்சி நடுங்கும் முருகேசனாக வடிவேலு. அஞ்சாத உளநோய் மருத்துவர் சரவணனாக ரஜினிகாந்த். ‘இது பேயன்று, நோய்’ என்பதை இலட்சக்கணக்கான மக்களிடம் ஒரே படம் கொண்டு சேர்த்ததே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அறிவியல் மாணவர் கண்ணோடு பார்த்தால் நமக்கு ஒரு மனக்குறை உண்டு.

முருகேசன் அஞ்சும்போதெல்லாம் அரங்கமே சிரிக்கிறது. நாமும்தான் சிரித்தோம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். இரவில் சலங்கை ஒலி கேட்கிறது, ஒரு பெண்ணின் பாட்டுக் கேட்கிறது என்று அவ்வீட்டார் அஞ்சினார்களே, அது பொய்யா? இல்லை. ஆடியவள் கங்கா. ஒலி உண்மை, அதற்கு அவர்கள் கற்பித்த காரணம்தான் தவறு. கண்டது வேறு, கண்டதிலிருந்து ஊகித்தது வேறு என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் முதலில் கற்கும் பாடம். படமோ அஞ்சியவனைக் கோமாளியாக்கி, அவன் சாட்சியத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது.

இதைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்பீர்கள். நம் ஊர்ப்பக்கமே வாருங்கள். கோவைப் பஞ்சாலையிலோ, சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடத்திலோ இரவு ஷிப்டு முடித்து வந்து, பகலில் மல்லாந்து படுத்து உறங்குகிறார் ஒருவர். திடீரென விழிப்பு வருகிறது. கையைக் காலை அசைக்க முடியவில்லை. கத்த வாய் வரவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அழுத்துகிறார்கள். ‘அமுக்குவான் பேய்’ என்கிறார் அவர். ‘எல்லாம் பிரமை’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறார் நம் பகுத்தறிவு நண்பர். இருவருமே அவசரப்படுகிறார்கள்.

உறங்கும்போது கண்மணிகள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் இதை வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி மூளை அந்நேரத்தில் உடல் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. கண் தசைகளும் உதரவிதானமும் மட்டும் விலக்கு. இத்தளர்ச்சி நீங்குமுன்னரே விழிப்பு வந்துவிட்டால்? மார்புத் தசைகள் ஒத்துழைக்காததால் ஆழ்ந்து மூச்சு இழுக்க முடியாது. அதுவே நெஞ்சில் பாரமாகத் தோன்றுகிறது. கனவின் மிச்சம் அறையில் உருவமாக நிற்கிறது. எல்லாம் சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். 100க்கு ஏறத்தாழ 8 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவிக்கிறார்கள். உறக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்டு மாறி மாறி வேலை செய்பவர்களுக்கும் இது கூடுதல். மல்லாந்து படுக்கும்போதுதான் மிகுதியாக வருகிறது. ஆக, ‘எந்த ஷிப்டு பார்த்தீர்கள், எப்படிப் படுத்திருந்தீர்கள்?’ என்று கேட்பவரே நமக்கு வேண்டிய ஐயவாதி. சாட்சியைக் கேலி செய்தால் இந்த விடைகள் கிடைக்குமா?

படத்துக்குத் திரும்புவோம். சரவணன் அறிவியலாராக நடந்துகொள்ளும் காட்சி ஒன்று உண்டு. கங்காவை வெளியே அனுப்ப மறுத்துப் பேசும்படி அவள் கணவனிடம் சொல்லிவைக்கிறார். மறுத்தால் என்ன நேரும் என்பதையும் முன்கூட்டியே கணிக்கிறார். அவள் கட்டிலைத் தூக்கி நிற்கிறாள். கருதுகோள், கணிப்பு, சோதனை மூன்றும் அங்கே இருக்கின்றன. அக்காட்சியில் ஜோதிகாவின் கண்களை மட்டும் நினைவு வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்து நினைக்கலாம்.

அதன்பின் சறுக்கல். மருத்துவர் மந்திரவாதியின் துணையை நாடுகிறார். அரசனின் பொம்மை எரிந்ததும் நோய் அன்றே தீர்கிறது. படம் ‘ஸ்பிளிட் பெர்சனாலிட்டி’ என்று அழைக்கும் கோளாறுக்கு, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994இல் சூட்டிய பெயரின் பொருள் ‘பிளவுற்ற அடையாளக் கோளாறு’. பெரும்பாலும் இளமையில் பட்ட கொடுந்துன்பமே அதன் பின்னணி. ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசித்தான் அதைத் தணிக்க முடியும். எரிக்கும் சடங்கு எதுவும் அதற்கு மருந்தன்று. திரைக்கதையில் இவ்வளவு பொறுமை கிடையாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் படம் வெளிவருவதற்கு நான்காண்டுகளுக்குள்தான், 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மருத்துவமனைக்குப் பதிலாகத் தெய்வத்தின் அருளை நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்ட மக்கள் அவர்கள். அதே நாட்டில், மருத்துவரே மந்திரவாதியை அழைப்பதாகக் காட்டியதை நம்மால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள இயலவில்லை.

2023இல் அதே இயக்குநர் ‘சந்திரமுகி’யின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். இம்முறை ஆவி உண்மையாகவே உடலில் புகுகிறது. 18 ஆண்டுகளில் சரவணனின் வாதத்தைப் படமே கைவிட்டுவிட்டது. முதல் பாகத்தில் ஊர்ந்து வந்த அந்தப் பெரிய பாம்பு எதற்கு வந்தது, எங்கே போனது என்பதையும் எவரும் சொல்லவில்லை.